மாமனார் பெயரில் ஒரு சர்வர்

மலை சூழ்ந்த நரின் ஊர்ப் பெண்கள் காலையில் எழுந்ததும் அடுப்பைப் பார்ப்பார்கள். புருல் கணவாய்களைப் பார்ப்பாள். சமையலறை ஜன்னலோரம் ஒரு மேஜை, மேஜைமேல் லேப்டாப், லேப்டாப் திரையில் ஒரு கறுப்புக் கட்டம். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, வெறும் வெள்ளை எழுத்து. அதில் ஒரு பெயரைத் தட்டி என்டரை அமுக்கினால், எங்கோ மலை உச்சியில் பனிக்குள் புதைந்து கிடக்கும் குடிசை ஒன்றில் இருக்கிற சர்வர் அவளுக்குக் கதவைத் திறந்துவிடும். உள்ளே போய், இடம் நிறைந்துவிட்டதா, காற்றுமானி வேலை செய்கிறதா, ராத்திரி ஏதாவது முரண்டு பிடித்ததா என்று பார்ப்பாள். பிறகு அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த மலைக்குப் போவாள். ஒரு சுற்று முடிவதற்குள் தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதித்திருக்கும்.

"செருப்பு மாட்டாம இத்தனை மலை ஏறி இறங்கற மருமக எங்க வீட்லதான் இருக்கா" என்று அவள் மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள். அதில் பெருமை பாதி, கிண்டல் பாதி.

அந்த சர்வர்கள் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்குச் சொந்தம். கணவாயில் எவ்வளவு பனி, எவ்வளவு காற்று என்று அவை அளந்து சொல்லும். அதைப் பார்த்துத்தான் சாலைக்காரர்கள் தடுப்புக் கட்டையைத் தூக்குவதும் இறக்குவதும். அவற்றைப் பராமரிப்பது புருல் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கைபட்டு ஒரு சர்வரும் கெட்டதில்லை.

அவள் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். புருல் என்றால் 'திரும்பு' என்று அர்த்தம். வரிசையாக மூன்று பெண்கள் பிறந்த வீட்டில் நான்காவதும் பெண்ணாகிப்போக, அடுத்ததாவது ஆணாகத் திரும்பட்டும் என்று அவள் அப்பா வைத்த பெயர். அடுத்ததும் பெண்ணாகவே பிறந்தது. இவள் மட்டும் ஆயுசுக்கும் அந்தப் பெயரைச் சுமக்கிறாள். ஆனால் அதை நினைத்து அவள் ஒருநாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. கிடைத்ததை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கத் தெரிந்த பெண்.

கல்யாணம் நாற்பதை நெருங்கும்போதுதான் நடந்தது. அதுவரை பிஷ்கெக்கில் ஒரு வாடகை அறை, அலுவலகம், மறுபடி வாடகை அறை. ஆக்-பெல் கணவாய்க் குடிசையில் புது சர்வர் வைக்க ஒரு கோடையில் வந்தாள். அந்தந்தக் கணவாயில் பனி தள்ளி உழைத்துச் செத்தவர்கள் பெயரைத்தான் அங்கே இருக்கும் சர்வருக்கு வைப்பது அவள் மேலதிகாரியின் வழக்கம். ஆக்-பெல்லில் ஆயுள் முழுக்கப் பனி வண்டி ஓட்டியவர் ஷர்ஷென் என்று ஒருவர். கொஞ்ச காலம் முன்புதான் காலமாகியிருந்தார். அப்பா பெயரை எந்தப் பெட்டிக்கு வைக்கிறார்கள் என்று பார்க்க அவர் மகன் குபத் குதிரையில் ஏறி வந்தான். ஆட்டு மந்தை வைத்திருப்பவன், அவனுக்கும் கல்யாண வயசு தாண்டியிருந்தது. பெட்டியைப் பார்த்தான், பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த புருலையும் பார்த்தான். மறுநாள் ஒரு வாளி குதிரைப் பாலோடு மறுபடி வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். அந்தக் கோடையில் ஆக்-பெல் சர்வரைப் பராமரிக்க எவ்வளவு நாள் வேண்டியிருந்தது என்று கேட்டால் புருல் இன்றைக்கும் சிரிப்பாள்.

சிக்கல் இனிமேல்தான். இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு வருகிறவள் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்ல மாட்டாள். சட்டம் ஒன்றும் இல்லை, சொன்னால் யாரும் அடிக்கப் போவதும் இல்லை. மருமகள் என்று தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்ட நிமிஷத்திலிருந்து அந்தப் பெயர் வாயில் வராது, அவ்வளவுதான். இந்தக் காலத்துப் பெண்கள் பலர் இதை விட்டுவிட்டார்கள். புருலும் பட்டணத்தில் இருந்தவள், படித்தவள். விட்டுவிடுவாள் என்றுதான் குபத்தே நினைத்தான். அவள் விடவில்லை. யாரும் கேட்காமலே, தனக்கு இந்த வீட்டின்மேல் இருக்கும் பிரியத்தை அப்படித்தான் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பெயரை எத்தனையோ தடவை தட்டியவள். அந்த சர்வரில் நுழைகிற கணக்குக்கும் அதே பெயரை வைத்தவளே அவள்தான். அப்போது அவர் யாரோ ஒருவர். இப்போது மாமனார். புது லேப்டாப் வந்ததும், எந்தெந்தச் சர்வருக்கு எந்தக் கணக்கில் போவது என்று எழுதி வைக்கும் கோப்பில் மற்ற வரிகளை எல்லாம் தானே எழுதினாள். அந்த ஒரு வரிக்கு மட்டும் குபத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஆட்டு மயிர் ஒட்டிய விரலால் அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினான். அந்த நீளமான விவரத்துக்கு அவளே ஒரு செல்லப் பெயர் கொடுத்துக்கொண்டாள்: 'பெரியவர்'. அதற்குப் பிறகு 'பெரியவர்' என்று தட்டினால் போதும், மிச்சத்தை லேப்டாப்பே பார்த்துக்கொள்ளும். தினமும் காலையில் பெரியவரைத் தட்டுவாள், பெரியவர் கதவைத் திறப்பார்.

மாமியார் இதை விட்டுவைப்பாளா? அவளை ஊரே சூரா அபா என்று கூப்பிடும்; வயதில் மூத்த பெண்கள் எல்லாருமே அங்கே 'அபா'தான். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிது.

"காலங்காத்தால என் புருஷனோட உனக்கு என்னடி பேச்சு?" என்பாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"நலமான்னு விசாரிச்சேன் அபா."

"என்ன சொல்றாரு?"

"குளிருதாம்."

"உயிரோட இருந்தப்பவும் அதைத்தான் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லத் தெரியாது அந்த மனுஷனுக்கு."

குபத்துக்கும் அப்பாமேல் ஒரு கண். ஆடுகள் குட்டி போடும் காலத்தில் அவன் ராப்பகலாகக் கொட்டகையிலேயே கிடப்பான். மலையில் காற்று எப்போது தணியும் என்று தெரிந்தால் மந்தையை எப்போது வெளியே விடலாம் என்று தீர்மானிக்கலாம். அதனால் ஒரு பழைய லேப்டாப்பில் பெரியவர் சர்வரைத் திறந்து, காற்றும் குளிரும் வரிவரியாக ஓடும்படி செய்து, கொட்டகையில் வைத்துக் கொடுத்திருந்தாள் புருல். நிறுவனத்து விதிப்படி இது தப்பு. அவள் அதைத் தப்பு என்று தெரிந்தேதான் செய்தாள்.

புருல் நரினில் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கு மேலதிகாரி தொலோமுஷ் லேசில் சம்மதிக்கவில்லை. நல்லவர்தான், ஆனால் எல்லாரையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"சரி, இந்தக் குளிர்காலம் பாக்கறேன்" என்றார் கடைசியில். "உன் கைத்தப்பால ஒரே ஒரு ஆள் மலை ஏறும்படி ஆச்சு, பெட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்துரணும். அப்புறம் அழக்கூடாது."

"அழமாட்டேன் பைகே" என்றாள் புருல். வயதில் மூத்த ஆண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது.

குபத்தால் மந்தையை விட்டுப் பட்டணம் போக முடியாது. பெட்டியைக் கட்டினால் அவள் மட்டும்தான் போக வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்து வந்து புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இத்தனை வயதுக்கு மேல் கிடைத்த வீடு, அடுப்பு, வாயாடி மாமியார், ஆட்டு வாடை அடிக்கும் புருஷன் எல்லாவற்றையும் அப்படித் தவணையில் அனுபவிக்க அவளுக்கு இஷ்டமில்லை. அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு கட்டளையையும் ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் என்டரை அமுக்கினாள்.

குளிர்காலம் கிட்டத்தட்ட கரையேறிவிட்டது. வசந்தத்தை வரவேற்கும் நூருஸ் பண்டிகை கழிந்து, ஊருக்குள் பனி உருகிச் சேறாகியிருந்தது. மலையில் மட்டும் இன்னும் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. அப்போது பிஷ்கெக்கிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கண்ட கண்டவனும் சர்வர்களின் கதவைத் தட்டிப் பார்க்கிறானாம். இனிமேல் ஒவ்வொரு சர்வரிலும், இன்ன கணக்குக்காரர் வந்தால் மட்டுமே கதவைத் திற, வேறு யார் வந்தாலும் திறக்காதே என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டு, கதவைக் காக்கும் காவல் நிரலை ஒருமுறை நிறுத்தி எழுப்பினால் புதுக் கட்டுப்பாடு அமலுக்கு வரும். சாயங்காலம் தொலோமுஷ் தானே ஒவ்வொன்றிலும் நுழைந்து சரிபார்ப்பார்.

இந்த மாதிரி வேலைக்குப் புருலிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பூட்டை மாற்றும்போது நீ உள்ளேயே நில். இன்னொரு கட்டத்தைத் திறந்து, வெளியிலிருந்து புதுப் பூட்டு திறக்கிறதா என்று பார். திறந்தால் மட்டும் உள்ளே நிற்கிற நீ வெளியே வா. ஏனென்றால் பூட்டு மாறினாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவரை சர்வர் பிடித்துத் தள்ளாது, புதிதாக வருகிறவரைத்தான் தடுக்கும். காலையிலிருந்து ஒவ்வொரு கணவாயாக இப்படியே முடித்தாள். கடைசியாகப் பெரியவர் மிச்சம்.

பெரியவரில் நுழைந்தாள். கோப்பைத் திறந்தாள். வரியை எழுதப் போகும்போது வாசல் படல் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கம்பக்கத்து சல்கின் அபாவும் இன்னும் இரண்டு கிழவிகளும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். இந்த ஊரில் யார்தான் சொல்லிவிட்டு வந்தார்கள்?

"மருமகளே! விருந்தாளி வந்திருக்காங்க!" என்று சூரா அபாவின் குரல் வீடு அதிர வந்தது.

விருந்தாளி விரிப்பில் உட்காருவதற்குள் தேநீர் வர வேண்டும், அதை மருமகள்தான் ஊற்ற வேண்டும். புருல் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டே, யாருக்குக் கதவைத் திறப்பது என்ற இடத்தில் பெயரைத் தட்டினாள், காவல் நிரலை எழுப்பினாள், படக்கென்று லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனாள். உள்ளேயே நில் என்ற கட்டுப்பாடு அந்த அவசரத்தில் பறந்துபோயிற்று. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்றும் நடந்திருந்தது. விரல் தன் பழக்கப்படி, மரியாதையாக, 'பெரியவர்' என்று எழுதிவிட்டது.

லேப்டாப்புக்குத்தான் அந்தச் செல்லப் பெயர் தெரியும். சர்வருக்கு எப்படித் தெரியும்? அப்படி ஒரு கணக்கே அதில் கிடையாது. இல்லாத ஒரு ஆள் வந்தால் மட்டுமே கதவைத் திறப்பேன் என்று ஆக்-பெல் சர்வர் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

தேநீரை அந்த ஊர் மரியாதைப்படி கிண்ணத்தில் பாதி பாதியாக ஊற்றி, எண்ணெயில் பொரித்த போர்சோக்கையும் பாலேட்டையும் நகர்த்தி வைத்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று சமையலறைக்கு ஓடினாள். லேப்டாப்பைத் திறந்தாள். பழைய இணைப்பு அறுந்து போயிருந்தது. சரி என்று மறுபடி பெரியவரைத் தட்டினாள். அனுமதி இல்லை என்றது. இன்னொரு தடவை தட்டினாள். அனுமதி இல்லை. தான் என்ன எழுதினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

வேறு வழி ஏதாவது உண்டா என்று யோசித்தாள். ஒன்றும் இல்லை. குடிசைக்கு ஆள் போய் சர்வரோடு விசைப்பலகையை மாட்டித்தான் சரிசெய்ய வேண்டும். இந்தப் பனியில் சங்கிலி வண்டியும் இரண்டு ஆட்களும் இல்லாமல் ஆக்-பெல்லில் யாரும் ஏற முடியாது. சாயங்காலம் தொலோமுஷ் கதவைத் தட்டுவார், கதவு திறக்காது. கட்டிலுக்கு அடியில் கிடந்த தன் பழைய பெட்டி அவள் கண்முன் வந்து நின்றது. அழமாட்டேன் என்று சொன்னவள், முழங்காலில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்து அறையில் கிழவிகளின் பேச்சு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"குபத் எங்க, காணோம்?" என்றாள் சல்கின் அபா.

"கொட்டகைல. ஆடு குட்டி போடுது. அவங்கப்பாவையும் கூடவே உட்கார வெச்சிருக்கான். பகல் பூரா அப்பனும் மகனும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டுக் கிடக்காங்க" என்றாள் சூரா அபா. மூன்று பேரும் சிரித்தார்கள்.

புருல் தலையை நிமிர்த்தினாள். கொட்டகையில் குபத் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான்! பூட்டு மாறுவதற்கு முன்னால் போனவன், அதே கணக்கில் போனவன். அவன் இணைப்பு இன்னும் உயிரோடு இருந்தால் அந்தக் கட்டத்திலிருந்தே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். ஆனால் ஆடு உதைத்து வைக்கோல் பறந்தால் குபத் லேப்டாப்பை மூடிவிடுவான். தூசு விழும் என்று அவளேதான் அவனுக்கு அப்படிப் பழக்கியிருந்தாள். அவள் செருப்பைக்கூடத் தேடவில்லை. சேற்றில் வெறுங்காலோடு ஓடினாள்.

கொட்டகைக் கதவைத் தள்ளினால், குபத் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான். சட்டைக் கை தோள் வரை சுருட்டியிருக்கிறது, ஒரு கை ஆட்டுக்குள் இருக்கிறது. இன்னொரு கையின் முழங்கை லேப்டாப் மூடியின்மேல்.

"மூடாதீங்க! கையை எடுங்க!" என்று அலறினாள் புருல்.

"கையை எடுத்தா குட்டி செத்துரும்டி!"

"அந்தக் கையை இல்லைங்க, இந்தக் கையை!"

குபத் முழங்கையை எடுத்தான். திரையில் ஆக்-பெல்லின் காற்றும் குளிரும் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தன. புருல் வைக்கோலில் அப்படியே உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"அவ்வளவுதானா? பேரை மாத்தி எழுது, முடிஞ்சுது" என்றான் குபத்.

"நீங்க வந்து எழுதுங்க."

"எதால எழுத? கால் ஒண்ணு மடங்கிக் கிடக்கு, இந்தக் கையை எடுக்க முடியாது. அந்தக் கையில ஆட்டைப் பிடிச்சிருக்கேன். மூக்காலயா எழுதறது?"

"எப்ப முடியும்?"

"ஆட்டைக் கேளு."

தலைக்கு மேல் விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. நரினில் அந்த வருஷம் சாயங்காலத்தில் கரண்ட் போவது வழக்கமாகியிருந்தது. போவதற்கு முன்னால் இப்படித்தான் கண் சிமிட்டும். பழைய லேப்டாப்பின் பாட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் போனால் இந்த இணைப்பும் போகும்.

புருல் கோப்பைத் திறந்து, தான் எழுதிய 'பெரியவர்' என்பதை அழித்தாள். அந்த இடம் காலியாக இருந்தது. பெயரைத் தட்டாமலே சுற்றுவழியில் அதை அங்கே கொண்டுவந்து போடுவதற்கு அவளுக்கு இரண்டு மூன்று தந்திரங்கள் தெரியும். ஆனால் இப்படிச் சுற்றிப் போய்த்தானே இந்த வினையே வந்தது? இந்தத் தடவை நேராக எழுதிவிடுவது என்று முடிவு செய்தாள். விரலை எழுத்துகளின்மேல் வைத்தாள். விரல் இறங்கவில்லை. பயம் இல்லை, மூடநம்பிக்கையும் இல்லை. ஒருதரம்கூட நேரில் பார்க்காத அந்த மனிதரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு 'நீ, வா, போ' என்று பேசச் சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு.

"அடிச்சுடு புருல்" என்றான் குபத் மெதுவாக. "அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு."

அந்த நேரத்தில் வாசலில் சூரா அபா வந்து நின்றாள்.

"விருந்தாளிங்களை உட்கார வெச்சுட்டு இங்க வந்து புருஷன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கியா? தேநீர் ஆறிப்போச்சு, சல்கின் ஒரு மாதிரியா பாக்கறா..." என்று ஆரம்பித்தவள், மருமகளின் சேற்றுக் காலையும் அழுத முகத்தையும் பார்த்து நிறுத்தினாள். "என்ன ஆச்சு?"

"அபா, இதை இப்பச் சரி பண்ணலேன்னா நான் பிஷ்கெக் போகணும்" என்றாள் புருல்.

"பிஷ்கெக்கா? யாரைக் கேட்டு?"

"இங்க ஒரு பேரை எழுதணும் அபா. எனக்குக் கை வரலை."

"என்ன பேரு?"

புருல் தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சூரா அபாவுக்குப் புரிந்துவிட்டது.

அவளும் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தான். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவள் காலத்துப் பெண்களுக்கும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த மனிதரை 'இங்க பாருங்க' என்று கூப்பிட்டாள், பிள்ளை பிறந்ததும் 'குபத்தோட அப்பா' என்று கூப்பிட்டாள். பனிப்புயலில் அவர் வண்டியோடு காணாமல் போன ஒரு நாளில் சாலைவரை ஓடிப் போய்க் கத்தியபோதும் 'குபத் அப்பா' என்றுதான் கத்தினாள். அவரை அடக்கம் செய்த அன்று துக்கக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாளே, அதிலும் மலையே, மரமே என்று என்னென்னவோ சொல்லி அழுதாளே தவிர பெயரைச் சொல்லவில்லை.

விளக்கு இன்னொரு தடவை சிமிட்டியது.

சூரா அபா உள்ளே வந்து மருமகளுக்குப் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் சொல்றேன், நீ எழுது" என்றாள். "என் வாயில வந்துட்டா அப்புறம் உனக்கு என்ன?"

"அபா, நீங்க..."

"எழுதுன்னு சொல்றேன்." ஒரு கணம் திரையில் ஓடும் காற்றைப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுவது போலச் சொன்னாள்: "ஷர்ஷென்."

குபத் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா வாயிலிருந்து அந்தப் பெயரை அவன் கேட்டதே இல்லை. சூரா அபாவின் முகம் காது வரை சிவந்திருந்தது. புருல் எழுதினாள். அவள் விரல் இப்போது தயங்கவில்லை. எழுதிக் காவல் நிரலை எழுப்பிவிட்டு, "இதை யாரும் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே மறுபடி வீட்டுக்கு ஓடினாள். உள்ளே நிற்பவர் நிற்கட்டும், வெளியிலிருந்து திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமையலறை லேப்டாப்பில் பெரியவரைத் தட்டினாள். கதவு திறந்தது.

"திறந்துடுச்சு!" என்று ஜன்னல் வழியாக அவள் கத்தியது நான்கு வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

கொட்டகையிலிருந்து குபத்தும் ஏதோ கத்தினான். கால் மடங்கிய குட்டியும் வெளியே வந்துவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. போனால் போகட்டும் என்றிருந்தது புருலுக்கு. அவள் கைப்பேசியில் தொலோமுஷைக் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். கொட்டகை லேப்டாப்பையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

மறுமுனையிலிருந்து அவர் குரல் கணீரென்று வந்தது.

"நம்ம கணக்குல உன் வீட்டுக்காரரை உட்கார வெச்சியா?"

"ஆமா பைகே."

"அறிவிருக்கா உனக்கு? அவருக்குத் தனியா ஒரு கணக்கு போடு. பாக்க மட்டும் முடியணும், எதையும் தொட முடியக்கூடாது. நாளைக்கே போடு."

"போடறேன் பைகே."

"யாராவது மலை ஏறினாங்களா?"

"இல்லை பைகே."

"அப்ப என்ன, அங்கயே கிட. அடுத்த குளிர்காலத்துக்கும் இதே பேச்சுதான், ஞாபகம் வெச்சுக்க." அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. அவரும் இந்த நாட்டுக்காரர்தானே, அவர் வீட்டிலும் மருமகள்கள் இருக்கிறார்கள். "இது எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். அந்தப் பேரை மாத்திடட்டுமா? ஆக்-பெல்னு வெச்சுக்கலாம். உனக்கும் கஷ்டம் இல்லை."

அவர் பேசுவது எப்போதும் அறை முழுக்கக் கேட்கும். கொட்டகையிலிருந்து திரும்பி வந்த சூரா அபா வாசலில் நின்று கைகழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னு சொல்லு" என்றாள். "இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."

உள்ளே மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு மூன்று கிழவிகளும் காத்திருந்தார்கள். புருல் காலைக் கழுவிக்கொண்டு, சூடாகத் தேநீர் போட்டு எடுத்து வந்தாள். சூரா அபா தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு போர்சோக்கை எடுத்துப் பாலேட்டில் தோய்த்தாள்.

"ஷர்ஷெனுக்கு இந்தப் பாலேடுன்னா உயிரு" என்றாள்.

சல்கின் அபா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன சொன்னே?"

"ஷர்ஷென்னு சொன்னேன். என் புருஷன் பேரு. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்னுதான் எனக்குத் தெரியாது!"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறி, புருல் அவள் முதுகைத் தட்ட வேண்டியிருந்தது. சூரா அபா அடங்கவில்லை. ஷர்ஷென் அப்படி, ஷர்ஷென் இப்படி, ஷர்ஷென் ஒரு தடவை பனிக்குள் மாட்டிக்கொண்ட கல்யாணக் கூட்டத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இதே அறையில் படுக்க வைத்தான் என்று, வாய் ஓயாமல் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். 'ன்' போட்டுப் பேசுகிறாளே என்று யாரும் கேட்கவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சிரிப்பு ஓய்ந்தது. சல்கின் அபா ஆறிப்போன கிண்ணத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் போய் எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது.

"எங்க வீட்லயும்..." என்று தொடங்கி நிறுத்தினாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு உதடு மட்டும் அசைகிற மாதிரி, தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

"ஒஸ்மோன்."

யாரும் சிரிக்கவில்லை. புருல் அவள் கிண்ணத்தை வாங்கி, ஆறியதைக் கொட்டிவிட்டு, புதிதாகப் பாதி ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள்.